மிஸூலா கேசட்டில் ஒரு குரல்

டுலூத், மினசோட்டா
11 பிப்ரவரி 1984

அன்புள்ள தம்பி ஆரினுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் உன் ஓட்டை வேனும் சுகம்தானே? ஏரி கண்ணுக்கெட்டிய தூரம்வரை உறைந்து கிடக்கிறது. உன் அத்தானுக்கு முழங்கால் வலி. படகு மோட்டார் கடைக்கு இந்தக் குளிரில் யார் வருவார்கள், நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால்தான் வலி என்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. நேற்று என் பன்றி இறைச்சிப் பொரியலை மூன்றாவது முறை வாங்கிச் சாப்பிட்டார்.

நீ கச்சேரிகளில் பதிவு செய்து அனுப்பிய கேசட்டுகள் வந்தன. ஸ்லோ ஃபெரி குழு வாசித்த ‘உப்புச் சாலை’ பாட்டுகளிலேயே 1982 மிஸூலா கச்சேரிதான் உச்சம் என்று சத்தியம் செய்யாத குறையாக எழுதியிருந்தாய். கேட்டேன். சமையலறையில் வைத்து இரண்டு தடவை முழுசாகக் கேட்டேன். நல்ல வாசிப்புதான். ஆனால் 74 டெ மொய்ன் வாசிப்பின் பக்கத்தில் அது வரவே வராது. டெ மொய்னில் பர்டெட் கிட்டாரைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே காத்திருக்கிறார். பாட்டு எந்தப் பக்கம் போகலாம் என்று அவருக்கே தெரியாத மாதிரி ஒரு இடம் வரும். மிஸூலாவில் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

இன்னொன்று. பாட்டின் நடுவில், வார்த்தையெல்லாம் முடிந்து வாசிப்பு எங்கோ அலைகிற இடத்தில், மைக்குக்குப் பக்கத்தில் ஒருவர் சிரிக்கிறார். பிறகு, “போச்சு, கோழி தப்பிச்சிடுச்சு” என்கிறார்.

யார் அது?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
வெர்னா

*

யூஜீன், ஓரெகன்
2 மார்ச் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன். அத்தானின் முழங்கால் சீக்கிரம் சரியாகட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே மழை, மழை, மழை. மர அறுவை ஆலையில் வேலை வாரத்துக்கு நான்கு நாள்தான்.

டெ மொய்ன் பதிவைப் பற்றி நீ சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அது யாரோ கோட்டுக்குள் மைக்கை ஒளித்து வைத்துக்கொண்டு எடுத்தது. உன்னிடம் இருப்பது பிரதியின் பிரதியின் பிரதி. பாதி சத்தம் இரைச்சல். அந்த இரைச்சலைத்தான் நீ பர்டெட்டின் தயக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மிஸூலாவில் நான் கம்பத்தை நட்டு, மைக்கை ஆள் தலைக்கு மேலே தூக்கி எடுத்தேன். பித்தளைத் தட்டின் அதிர்வு அடங்குகிறவரை கேட்கும்.

அந்தக் குரல் என்னுடையது. வேறு யாருடையது? சந்தோஷத்தில் என்னையறியாமல் பேசிவிட்டேன்.

ஒரு விஷயம். அந்தக் கேசட்டில் நாடா சரியில்லை என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். உன் டேப் பெட்டியின் ஒலிமுனையைத் தேய்த்துவிடும். திருப்பி அனுப்பிவிடு, வேறு பிரதி எடுத்து அனுப்புகிறேன். நீ கேட்கும்போது வீட்டில் வேறு யாராவது கேட்கிறார்களா?

குளிரில் வெளியே போகாதே.

அன்புடன்,
ஆரின்

*

டுலூத்
12 மார்ச் 1984

அன்புள்ள ஆரினுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

அந்தக் குரல் உன்னுடையது இல்லை. அந்த ஆள் பேசி முடித்ததும், மைக்குக்கு இன்னும் நெருக்கத்தில், “ஷ்ஷ், வாயை மூடுடா” என்று ஒரு குரல் அதட்டுகிறது. அதுதான் நீ. உன்னை நீயேவா அதட்டிக்கொண்டாய்?

இரண்டாவது டிரம் வாசிக்கிறவரைக் ‘கோழி பிடிக்கிறவர்’ என்று சொல்கிறவர்கள் இந்த உலகத்தில் மூன்று பேர்தான். 69இல் அப்பாவின் டிரக்கை எடுத்துக்கொண்டு மினியாபொலிஸ் போனோமே, அன்றைக்கு நம் சின்னவன் ஐனர் வைத்த பெயர் அது. “அந்தாளைப் பாரு, முற்றத்துல கோழியைத் துரத்துற மாதிரியே வாசிக்கிறான்” என்றான். அப்புறம் அந்த மனிதர் தாளத்தை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் கோழி தப்பித்தது, கோழி மாட்டியது என்று சொல்லிச் சொல்லி நம்மைச் சிரிக்க வைத்தான். நான் இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. நீ சொன்னாயா?

ஐனர் பட்டாளத்தைவிட்டு ஓடி, ஒளிந்து திரிந்து, அப்பாவைப் பார்க்க ஒரே ஒரு தடவை பண்ணைக்கு வந்து, அன்றைக்கே ஷெரிஃப் அலுவலகப் போலீஸ் வண்டி வந்து, அவன் அப்பாவின் டிரக்கோடு மறைந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது. இருக்கிறானா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. அப்பா செத்ததற்கு வரவில்லை. ஒரு வாழ்த்து அட்டைகூட இல்லை. இரண்டு வருஷம் முன்பு நான் உனக்கு மறுபடி எழுத ஆரம்பித்ததிலிருந்து நாம் பாட்டைத் தவிர எதைப் பற்றியும் எழுதியதில்லை. நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

இப்போது கேட்கிறேன். உன் பக்கத்தில் நின்றது யார்?

கேசட்டை அனுப்ப மாட்டேன். நாடா நன்றாகத்தான் ஓடுகிறது.

வெர்னா

*

யூஜீன்
20 ஏப்ரல் 1984

அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

இத்துடன் மிஸூலாவின் வேறு பதிவு. ஒலிக்கலவை மேசையிலிருந்தே நேராக எடுத்தது. சுத்தமாக இருக்கும். இதைக் கேட்டுவிட்டு டெ மொய்னைப் பற்றிப் பேசு.

கோழிப் பேச்சை நான் ஊர் ஊராகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை கிடைத்தால் ஆளாளுக்கு எடுத்துக்கொள்வார்கள். யாரோ ஒரு பயல் சொன்னான், நான் அதட்டினேன். அவ்வளவுதான். முதலில் என் குரல் என்று எழுதியது ஞாபகப் பிசகு.

அத்தான் இன்னும் ஷெரிஃப் அலுவலக ஆட்களோடு மீன் பிடிக்கப் போகிறாரா? சும்மா கேட்டேன்.

ஆரின்

*

டுலூத்
30 ஏப்ரல் 1984

ஆரினுக்கு,

உடம்பு சுகம்தானே என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

நீ அனுப்பிய சுத்தமான பதிவில் வாத்தியம் மட்டும்தான் இருக்கிறது. கூட்டமே இல்லை. கைதட்டல்கூட அடுத்த தெருவில் கேட்பதுபோல் இருக்கிறது. என்ன காரணத்துக்காக அதை அனுப்பினாய் என்று எனக்குப் புரிகிறது.

பில்லிங்ஸில் ரோஸ்லின் என்று ஒரு பெண்மணி இருக்கிறார். கேசட் பரிமாறுகிறவர்களின் பத்திரிகையில் முகவரி பார்த்து எழுதினேன். மிஸூலாவில் அவரும் உனக்கு இரண்டு கம்பம் தள்ளி நின்று பதிவு செய்தாராம். உன்னைத் தெரியுமா என்று கேட்டதற்கு அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

“ஆரினைத் தெரியாமலா? மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு ரெக்கார்டர் மீட்டரையே பாத்துக்கிட்டு நிப்பாரு. கூட வர்ற பீட்தான் கலகலன்னு பேசுவாரு. உசரமா, ஒரு காது மட்டும் மடங்கி இருக்கும். பத்து வருஷமா ரெண்டு பேரையும் சேந்துதான் பாக்குறேன். பீட் இல்லாம ஆரின் ஒரு கச்சேரிக்கும் வந்ததில்ல.”

அந்தக் காதை மடங்க வைத்தது நம் வீட்டுக் கன்றுக்குட்டி. ரத்தம் வழிய வழிய ஐனரைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான்.

பத்து வருஷம், ஆரின். நான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனுக்காக ஜன்னலில் மெழுகுவத்தி வைக்கிறேன். பிழைத்திருக்கிறான் என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? என்னிடமிருந்து அவனை எதற்காக மறைத்தாய்? அன்றைக்கு ஷெரிஃப் வண்டி வந்ததே, அது யாரால் வந்தது என்று நான் அவனிடம் சொல்லிவிடுவேன் என்ற பயமா?

வெர்னா

*

யூஜீன்
9 ஜூன் 1984

வெர்னாவுக்கு,

ஆமாம். இருக்கிறான். நன்றாக இருக்கிறான். எங்கே என்று எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு.

நீ என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வியை நான் பதின்மூன்று வருஷமாக உன்னைக் கேட்க வாயெடுத்து, கேட்காமல் இருக்கிறேன். ஐனர் பண்ணைக்கு வந்தது உனக்கும் எனக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும். அப்பா எழுந்து நிற்க முடியாமல் கிடந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. வந்தது யாருடைய வண்டி? கிளேட்டனுடைய வண்டி. பக்கத்தில் இன்னொரு காவலரை உட்கார வைத்துக்கொண்டு, இடுப்பில் துப்பாக்கியோடு, உன் புருஷன்தான் நம் முற்றத்தில் இறங்கினார். நீ மாட்டுக் கொட்டகையிலிருந்து பால் வாளியோடு வெளியே வந்து, ஒன்றும் தெரியாதவள்போல் நின்றாய். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

இன்றைக்கும் சட்டம் அவனை விடவில்லை. ஊரைவிட்டு ஓடி ராணுவத்தில் சேராதவர்களுக்கு மன்னிப்பு வந்தது. சேர்ந்தபின் ஓடியவர்களுக்கு வரவில்லை. ஒரு போன் போதும், அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவனுக்கு இப்போது மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறார்கள். உன் சமையலறையில் அவன் குரலைக் கிளேட்டன் கேட்டிருப்பாரா என்று நினைத்து நினைத்து இந்த வசந்தம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை.

இப்போது நீயே சொல், யாருக்கு யாரிடம் பயம் என்று.

ஆரின்

*

டுலூத்
18 ஜூன் 1984

ஆரினுக்கு,

கடிதத்தை எரித்துவிட்டேன். இதைப் பொறுமையாகப் படி.

நான் கிளேட்டனிடம் சொல்லவில்லை. நீ சொன்னாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். அன்றைக்குக் காலையில் அப்பாவுக்கு மருந்து வாங்க டவுனுக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் நீ. முந்தின நாள்தான் என்னிடம், “நான் சண்டைக்குப் போய் ரெண்டு வருஷம் சேத்துல கிடந்துட்டு வந்தேன். ஐனர் துரைக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?” என்றாய். நீ திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது. நான் வேறு என்ன நினைப்பேன்?

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கிளேட்டன்மேல் சந்தேகம் வந்தது. வேறு யாரும் மிச்சமில்லை. நான் சொல்லாமலே அவர் மோப்பம் பிடித்திருப்பாரோ என்று. மூன்று நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் அவர் கடையிலிருந்து வந்ததும் மிஸூலா கேசட்டைப் போட்டேன். அந்த இடம் வரும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாட்டுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

குரல் வந்தது. “இது யாருன்னு தெரியுதா?” என்றேன்.

“குளிர்காலத்துலேர்ந்தே தெரியும் வெர்னா. இந்த வீட்ல சுவர் என்ன கல்லா?”

“தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. என்னை நம்பலைன்னு புரிஞ்சுது. சரின்னு விட்டுட்டேன்.”

“அன்னைக்கு யாரு உங்களுக்குச் சொன்னது? ஆரினா?”

கத்தியைக் கீழே வைத்தார்.

“உங்கப்பா.”

நான் நம்பவில்லை. பொய் சொல்லாதீர்கள் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. “ஆபீஸ்ல போனை எடுத்ததே நான்தான். முன்னறையில அவர் கட்டில் பக்கத்துலதானே போன் இருந்தது? ‘என் பையன் வீட்டுக்கு வந்திருக்கான். நான் பட்டாளத்துல சண்டை போட்டவன், இதை மறைக்க முடியாது. வந்து கூட்டிட்டுப் போங்க’ன்னார். பக்கத்து மேஜையில இன்னொருத்தன் கேட்டுக்கிட்டு இருந்தான். கேட்காத மாதிரி போனை வெக்க முடியல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. கிளம்பினோம். பண்ணைக்குத் திரும்புற இடத்துல பனி வழுக்கும்னு சொல்லி வண்டியை நிறுத்தினேன். டயருக்குச் சங்கிலி மாட்டினேன். அங்க பனியே இல்ல. கூட இருந்தவன் திட்டித் தீர்த்துட்டான். ஒரு சங்கிலியை ரெண்டு தடவை கழட்டி மாட்டினேன். அதுக்கு மேல எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல.”

ஏன் இதை என்னிடம் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். “அவர் சாகக் கிடந்தார். சாகுறவரைக்கும் நீதான் அவருக்குக் கஞ்சி ஊட்டின. எந்த நாள்ல சொல்லியிருக்கணும்னு நினைக்கிற?” என்றார்.

ஆரின், எனக்கு அவரைத் தெரியும். இதை அவர் இட்டுக்கட்டவில்லை. நீ நம்புவாயா என்று தெரியவில்லை. ஐனரிடம் இதைச் சொல்.

உன் அக்கா

*

டுலூத்
6 ஆகஸ்ட் 1984

ஆரினுக்கு,

நலமா? ஏழு வாரமாகத் தபால்காரர் என் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு பெட்டியில் எதையோ போட்டுவிட்டுப் போகிறார்.

நீ நம்பவில்லை என்றால் நம்பவில்லை என்றே எழுது. இறந்துபோனவர்மேல் பழி போடுகிறோம் என்று நினைக்கிறாயோ? அல்லது ஐனரை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாயோ? ஷெரிஃப் வண்டி வந்து உன் கதவைத் தட்டியதா? இல்லையே.

இன்னொரு பயமும் வருகிறது. அப்பா பேரைக் கேட்டு ஐனர் உடைந்துபோய்விட்டானா?

வெர்னா

*

யூஜீன்
25 ஆகஸ்ட் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அவனும் நலம். பதில் போடாததற்குக் காரணம் நீ நினைத்ததுதான். நான் நம்பவில்லை. இது கிளேட்டன் விரிக்கிற வலை, ஐனர் நெகிழ்ந்துபோய் உன் வீட்டுக்கு வந்து நிற்பான், அங்கே பிடிப்பார்கள் என்றே நினைத்தேன். ஜூலை முழுக்க உன் கடிதத்தை அவனிடம் காட்டவில்லை.

போன வாரம் இருவரும் வேனில் மைக் கம்பிகளைச் சுற்றிக்கொண்டிருந்தோம். தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். “அப்பாதான் போலீசுக்குப் போன் பண்ணார்னு அக்கா எழுதியிருக்கா. அவ புருஷன் சொன்னானாம்.”

அவன் கம்பி சுற்றுவதை நிறுத்தவே இல்லை. “ஆமா,” என்றான்.

“என்னடா ஆமா?”

“அப்பாதான் பண்ணார். என் முன்னாடிதானே பண்ணார். போனை வெச்சுட்டு என்னைப் பாத்து, ‘நான் பண்ண வேண்டியதைப் பண்ணிட்டேன். டிரக் சாவி கொக்கியில தொங்குது. நீ பண்ண வேண்டியதை நீ பண்ணு’ன்னார். நான் அவர் கையைப் பிடிச்சேன். ‘போடா, நேரமாகுது’ன்னார்.”

“இத்தனை வருஷமா ஏன்டா சொல்லல?”

“நீ கேட்டியா? அக்கா வீட்டுப் பக்கமே போகாத, அது போலீஸ்காரன் வீடுன்னு நீதானே சொன்ன. எனக்கும் அது நியாயமா பட்டுது. அவ மேல உனக்குச் சந்தேகம்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ எதைத்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்க?”

டயர் சங்கிலிக் கதையைச் சொன்னேன். அதை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னான்.

டிரக்கை அவன் திருடிக்கொண்டு போனான் என்று சித்தப்பா சாகும்வரை திட்டினாரே, நாமும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தோமே, அக்கா.

செப்டம்பர் 22, சனிக்கிழமை, மதியக் கச்சேரி. மொன்டானா, போஸ்மன் சந்தைத் திடல். மேடையைப் பார்த்து நின்றால் நம் மைக் கம்பம் வலது பக்கம். கச்சேரிக்கு அவன் வருவான். நீயும் வா. உன்னால் தனியாக அவ்வளவு தூரம் ஓட்ட முடியாது என்று தெரியும். கிளேட்டன் ஓட்டிக்கொண்டு வரட்டும். ஆனால் அவர் காரிலேயே இருக்க வேண்டும். ஐனர் இதைக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதே, எனக்கு இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

ஆரின்

*

டுலூத்
1 அக்டோபர் 1984

அன்புள்ள ஆரினுக்கு,

வீடு வந்து சேர்ந்துவிட்டோம். வழியெல்லாம் உன் அத்தான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே ஓட்டினார். இப்போது பரவாயில்லை. நீயும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய்.

காரிலேயே இருக்க வேண்டும் என்று நீ எழுதியதைக் கிளம்புகிற அன்றுதான் அவரிடம் சொன்னேன். “சரி. தலைகாணி ஒண்ணு எடுத்து வை” என்றார்.

ஐனரை நான் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆள் பருத்துவிட்டான். நான் பாட்டுக்கு அவனைத் தாண்டிப் போகிறேன். “எங்க போற? கம்பம் இங்கதான் இருக்கு” என்றான், அடுப்படியில் நிற்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி. அதற்குப் பிறகு முதல் பாதியில் என்ன வாசித்தார்கள் என்று எனக்கு ஒன்றும் நினைவில்லை. நீ மீட்டரைப் பார்க்காமல் திரும்பித் திரும்பி வாகனங்கள் நிற்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கவனித்தேன். எந்தப் போலீஸ் வண்டியும் வரவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்பதை உனக்கு எழுதிவிடுகிறேன். அவர் என் புருஷன், இருந்தாலும் பார்த்தேன்.

இடைவேளையில் ஐனர் இரண்டு காப்பி வாங்கிக்கொண்டு எங்கள் பக்கம் வராமல் வாசலைப் பார்த்து நடந்தபோது நீ என் கையைப் பிடித்தாய். நீ பிடித்ததில் ஒரு வாரம் கன்றியிருந்தது. நான் வேலிவரை போய் நின்று பார்த்தேன். கார் கண்ணாடியை முழங்கையால் தட்டினான். கிளேட்டன் தலையணையோடு எழுந்து உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கினார். பிறகு அவர் மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டார். ஐனர் ஏறி உட்கார்ந்தான்.

என்ன பேசினார்கள் என்று வழியில் கேட்டேன். “கடையில வியாபாரம் எப்படின்னு கேட்டான். குழந்தை படத்தைக் காட்டினான்” என்றார். அப்புறம், “உங்கப்பா கை சில்லுன்னு இருந்துச்சாம்” என்றார்.

நீ அவர்களைப் பார்க்கவில்லை, கம்பத்தைவிட்டு வர முடியாமல் நின்றாய். அதனால் எழுதுகிறேன். இரண்டாம் பாதி ஆரம்பித்தது. ‘உப்புச் சாலை’யின் முதல் வரி வேலிவரை கேட்டது. நான் ஐனர் இறங்கி ஓடி வருவான் என்று பார்த்தேன். பாட்டு அலைய ஆரம்பித்து, எங்கெங்கோ போய், திரும்பி வந்து முடிந்தது. டெ மொய்னைவிட நன்றாக இருந்ததாகச் சனங்கள் சொல்லிக்கொண்டு போனார்கள். கார்க் கதவு திறக்கவே இல்லை.

அந்தப் பதிவை எடுத்தாய் அல்லவா? இரண்டு பிரதி அனுப்பு. ஒன்று எனக்கு. இன்னொன்றை நான் ஐனருக்கு அனுப்ப வேண்டும், காரில் இருந்ததில் அவன் பாட்டைக் கேட்கவில்லையே. அவன் முகவரி எழுது.

உன் அக்கா,
வெர்னா